வைரஸ் அளவு பிடிபடாத நிலையில் இருந்தால் எச்.ஐ.வி. ஏன் தொற்றாது?

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் ஒழுங்காக மருந்து எடுக்கிறார். அவருடைய இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனைக் கருவிக்கே பிடிபடாத மட்டத்துக்கு இறங்கி, அங்கேயே நிற்கிறது. அப்படியானால் உடலுறவு மூலம் அவரிடமிருந்து துணைக்கு எச்.ஐ.வி. தொற்றாது. ஆபத்து கொஞ்சம் குறையும் என்று மழுப்பத் தேவையில்லை, தொற்றாது. உலக சுகாதார நிறுவனமும் 2023 இல் வெளியிட்ட கொள்கை விளக்கத்தில் இதையே உறுதியாகச் சொன்னது.

வன்னியில் இந்தச் செய்தி கிளினிக் அறையைத் தாண்டி இன்னும் போதியளவு வெளியே வரவில்லை. எயிட்ஸ் என்றால் சாவு, தொட்டால் ஒட்டும், ஆளை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய பயம் பலரிடம் அப்படியே இருக்கிறது. அந்தப் பயம் ஒரு குடும்பத்தின் மனதை நோகடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பரிசோதனைக்குப் போக நினைத்தவரை வாசலில் திருப்பி அனுப்புகிறது. மருந்து எடுப்பவரை இடையில் நிறுத்த வைக்கிறது. அதனால் வைரஸ் பரவுவதற்கும் வழி விடுகிறது. ஆகவே மருந்தைப் பற்றியும் ஒதுக்கிவைத்தலைப் பற்றியும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது

நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளைக் குருதிக் கலங்களில் ஒரு வகை சிடி4 கலங்கள். எச்.ஐ.வி. அவற்றுக்குள்தான் புகுகிறது. புகுந்ததும் முதலில் தன் மரபுத் தகவலை டி.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கிறது. பிறகு அந்தப் பிரதியைக் கலத்தின் சொந்த டி.என்.ஏ.க்குள் செருகுகிறது. அதன்பின் அந்தக் கலம் வைரஸ் உற்பத்தி செய்யும் இடமாகிவிடும். சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு 1,000 கோடி அளவில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன.

ஆனால் இரத்தத்தில் மிதக்கும் வைரஸுக்கு ஆயுள் குறைவு, சில மணித்தியாலங்கள்தான். அதை உற்பத்தி செய்யும் கலங்களும் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்துவிடும். புதிய கலங்களைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வைரஸால் நிலைக்க முடியும். அந்தச் சங்கிலியை ஓரிடத்தில் அறுத்தால், ஏற்கெனவே இருப்பவை வேகமாகத் தீர்ந்துபோகும். எச்.ஐ.வி. சிகிச்சை இதைத்தான் செய்கிறது.

இன்று உலக சுகாதார நிறுவனம் முதல் தெரிவாகப் பரிந்துரைப்பது நாளுக்கு ஒரு குளிசை. அதற்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். முதல் இரண்டும் பிரதியெடுக்கும் வேலையைத் தடுக்கின்றன. டொலுடெக்ராவிர் அந்தப் பிரதியைக் கலத்தின் டி.என்.ஏ.க்குள் செருக விடாது. ஒரு மருந்து போதாதா என்று கேட்கலாம். எச்.ஐ.வி. பிரதியெடுக்கும்போது நிறையப் பிழை விடும். அந்தப் பிழைகளில் ஒன்று ஒரு மருந்துக்கு அடங்காத வைரஸை உருவாக்கிவிடலாம். 1987 இல் வந்த முதல் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது அதுதான் நடந்தது. கொஞ்சக் காலம் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் போனது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996 அளவில் வந்த பிறகுதான் எயிட்ஸ் மரணங்கள் சரியத் தொடங்கின. ஒரே நேரத்தில் எல்லா மருந்தையும் ஏமாற்றும் பிழை தற்செயலாக அமைவது மிக அரிது.

அப்படியானால் ஏன் முற்றாகக் குணமாவதில்லை? வைரஸ் செருகப்பட்ட சில கலங்கள் எதையும் உற்பத்தி செய்யாமல் வருடக்கணக்கில் உறங்குகின்றன. வயலில் கோரைக்கு மருந்து அடித்தால் மேலே பச்சை கருகிவிடும்; மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் விட்ட இடத்தில் மறுபடி முளைக்கும். உறங்கும் கலங்களும் அப்படித்தான். குளிசையை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வைரஸ் மீண்டும் இரத்தத்தில் பெருகிவிடும். "நல்லாய்த்தானே இருக்கிறேன், இனி எதுக்கு மருந்து" என்று நிறுத்துவது அதனால்தான் பெரிய தவறு. உடம்பு நன்றாக இருப்பதே மருந்தால்தான்.

ரிப்போட்டில் உள்ள இரண்டு எண்கள்

கிளினிக்கில் தரும் முடிவில் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஒன்று சிடி4 எண்ணிக்கை. இது உங்கள் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. கூடக்கூட நல்லது. 200 க்குக் கீழே போனால் எயிட்ஸ் கட்டம் என்று வகைப்படுத்துவார்கள். காசநோய் போன்றவை எளிதில் தாக்கும். மற்றவருக்குத் தொற்றுமா, தொற்றாதா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இரண்டாவது எண்ணான வைரஸ் அளவு. ஒரு மில்லிலீற்றர் குருதித் திரவவிழையத்தில் (பிளாஸ்மாவில்) எத்தனை வைரஸ் பிரதிகள் என்பதுதான் இது. தொற்றி முதல் சில வாரங்களில் இது இலட்சக்கணக்கில், சிலருக்குப் பல பத்து இலட்சம் வரைகூட ஏறும். பிறகு சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆயிரங்களிலும் இலட்சங்களிலும் நிற்கும். மருந்து தொடங்கியதும் வேகமாக இறங்கும். டொலுடெக்ராவிர் எடுப்பவர்களில் பலருக்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே 50 க்குக் கீழே வந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் ஆகும். கருவியின் நுணுக்கத்தைப் பொறுத்து 50, 40, 20 என்ற எல்லைக்குக் கீழே போனால் "பிடிபடவில்லை" என்று எழுதுவார்கள். வைரஸ் முற்றாக இல்லை என்பது அதன் பொருளல்ல. எண்ண முடியாத அளவு குறைவு என்பதே பொருள்.

உலக சுகாதார நிறுவனம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. 1,000 க்கு மேல் இருந்தால் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. தொற்ற வாய்ப்பு உண்டு. 1,000 அல்லது அதற்குக் கீழே, ஆனால் பிடிபடும் அளவில் இருந்தால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. பிடிபடாத அளவென்றால் வாய்ப்பே இல்லை. ஒரு தடவை 80, 120 என்று சின்னதாக ஏறி அடுத்த தடவை மீண்டும் பிடிபடாமல் போவதும் உண்டு. மருந்து தவறாமல் எடுப்பவர் அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை.

பரிசோதனை வழக்கமாக மருந்து தொடங்கி 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். வைரஸ் அளவு சோதனை எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடியது அல்ல. மாதிரி வெளியிடத்துக்குப் போய்வர நாள் எடுக்கும். முடிவு வந்ததும் "நல்லா இருக்கு" என்ற சொல்லோடு திருப்திப்பட்டு எழும்பி வராதீர்கள். எண் என்ன, எந்தத் திகதியில் எடுத்த இரத்தம் என்று கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்

முதல் தடயம் உகண்டாவிலிருந்து வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 415 தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000 இல் வெளியானது. வைரஸ் அளவு 1,500 க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. சுவிட்சர்லாந்தின் நிபுணர்கள் 2008 இல் இதை வெளிப்படையாக அறிவித்தபோது உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஆதாரம் பிறகு வந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளோடு நடந்த ஆய்வு, மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைகிறது என்று 2011 இல் காட்டியது. மிச்சம் நான்கு வீதம் எங்கே போனது என்று அலசியபோது, வைரஸ் அளவு நிலையாக அடங்கியிருந்த எவரிடமிருந்தும் துணைக்குத் தொற்றவில்லை என்பது தெளிவானது.

அடுத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வுதான் தீர்மானமானது. ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளும், ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள தம்பதிகளையும் சோடிகளையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2016 இல் வந்த முதல் பகுதியில் ஏறத்தாழ 58,000 உறவுகள்; 2019 இல் வந்த, ஆண் சோடிகள் மட்டும் இருந்த இரண்டாம் பகுதியில் ஏறத்தாழ 76,000 உறவுகள். மருந்தில் அடங்கிய துணையிடமிருந்து தொற்றியது: இரண்டிலும் பூச்சியம். இரண்டாம் பகுதியில் 15 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது உண்மை. ஆனால் வைரஸின் மரபு வரிசையை ஒப்பிட்டபோது ஒன்றுகூடத் துணையின் வைரஸோடு பொருந்தவில்லை. வெளியே வேறொருவரிடமிருந்து வந்தவை அவை. சிலருக்கு ஆய்வின் நடுவில் வேறு பால்வினை நோய்களும் இருந்தன. அப்போதும் எச்.ஐ.வி. தொற்றவில்லை.

பிடிபடாத நிலைக்கு எப்படிப் போவது, எங்கே தவறும்

குளிசையைத் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். கந்தசஷ்டி விரதமோ தவக்காலமோ நோன்போ மருந்தை நிறுத்தக் காரணமாகாது. நோன்பு பிடிப்பவர் நோன்பு துறந்தபின் இரவில் போடலாம். டொலுடெக்ராவிர் சிலருக்கு நித்திரையைக் குழப்பும். அப்படியானால் காலைக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போது நினைவு வந்த உடனே போடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஒரு வேளை தவறியதால் எல்லாம் குழம்பிவிடாது. நாட்கணக்கில் விட்டுவிட்டு எடுப்பதுதான் ஆபத்து. அப்படி அரைகுறையாக எடுக்கும்போதுதான் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாக இடம் கிடைக்கிறது.

குளிசையை விழுங்கியும் அது வேலை செய்யாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கஸ்ரிக்குக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்தில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன; அவை டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி. குளிசையை அதற்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ போட வேண்டும். இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளும் அப்படித்தான்; கர்ப்பிணித் தாய்மாருக்கு இவை கிளினிக்கிலேயே கிடைப்பதால் இது முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் இரும்பையும் கல்சியத்தையும் அதே நேரத்தில் போடலாம். வெறும் வயிற்றில் அப்படிப் போடக் கூடாது. கஸ்ரிக்குக்கு ஒமெப்ரசோல் குளிசை எடுப்பதில் சிக்கல் இல்லை.

சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் எடுப்பவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்தியர் பார்த்துக்கொள்வார்; டொலுடெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை தேவை. காசநோய் மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை அப்படியே தொடர வேண்டும். தலையில் ஷெல் துண்டு பட்ட காயத்தால் வலிப்பு வந்து கார்பமசெபின், பெனிற்ரொயின் எடுப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த மருந்துகளும் டொலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். வேறு எந்த மருந்து எடுத்தாலும் எச்.ஐ.வி. கிளினிக்கில் காட்டுங்கள்; அளவை மாற்றுவார்கள், அல்லது வேறு மருந்துக்குப் போவார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கமும் அதையடுத்த கமச்செய்கைப் பகுதிகளிலும் காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. ஆகவே மருந்து தொடங்க முன்னும் பிறகு இடையிடையேயும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். வயல் வேலை, கல்லுடைப்பு, கடற்றொழில் என்று உடம்பு நோவுக்கு டைக்ளோபினாக்கை நாட்கணக்கில் போடும் பழக்கமும் இந்த மருந்தோடு கூடாது. நோவுக்குப் பனடோல் பாதுகாப்பானது. டொலுடெக்ராவிர் தொடங்கியதும் கிரியாட்டினின் எண் கொஞ்சம் ஏறும். அந்தச் சின்ன ஏற்றம் சிறுநீரகம் பழுதாவதைக் காட்டுவதில்லை. அதைப் பார்த்து நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

மூலிகையாலோ பிரார்த்தனையாலோ எச்.ஐ.வி.யைக் குணமாக்குகிறோம் என்று யார் சொன்னாலும் குளிசையை விடாதீர்கள். கும்பிடுவதற்கு மருந்து தடையில்லை. ஆனால் வைரஸ் அளவை இறக்கியதாக நிரூபிக்கப்பட்டது இந்த மருந்துகள்தான். ஹெப்பட்டைட்டிஸ் பி சேர்ந்து இருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: இந்தக் குளிசை அதையும் சேர்த்து அடக்கி வைத்திருப்பதால், திடீரென்று நிறுத்தினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

குளிசைப் போத்தலுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதி ஒன்று இருக்கும். அதை எறியாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்படிப் பக்கம், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் எல்லாம் 30 பாகையைத் தாண்டும். வீட்டில் குளிர்ந்த மூலை பார்த்து வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்து பாதை மறிபடும் கிராமங்களில், ஒரு கிழமைக் குளிசையாவது எப்போதும் கைவசம் இருக்கும்படி முன்கூட்டியே போய் எடுத்துவிடுங்கள். நிலைமை சீரானவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் பிடித்து வருபவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எவற்றுக்கு இது பொருந்தாது

"தொற்றாது" என்பது உடலுறவுக்குச் சொல்லப்பட்டது. இந்த எல்லையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் பிடிபடாத முடிவு வந்ததும், அது ஆறு மாதம் நிலைத்திருக்கும் வரை ஆணுறையைத் தொடருங்கள் என்றே பல வழிகாட்டல்கள் சொல்கின்றன. மருந்து தொடங்கியதே போதும் என்று எண்ணுவது பிழை. நிலையாகப் பிடிபடாத நிலைக்கு வந்தபின் ஆணுறையைக் கைவிட்டால் எச்.ஐ.வி. தொற்றாது, ஆனால் சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் வரலாம், கர்ப்பமும் தங்கலாம். இரத்ததானம் செய்ய முடியாது. ஒரு பை இரத்தம் நேரே இன்னொருவரின் உடலுக்குள் போவது முற்றிலும் வேறு விடயம். ஊசியைப் பகிர்ந்து போதைமருந்து ஏற்றுவதில் ஆபத்து பூச்சியம் என்று காட்டும் ஆய்வு இல்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் புது ஊசி வேண்டும்.

தாய்க்கும் பிள்ளைக்கும் வருவோம். சிகிச்சை இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூலம் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 வீதம். கர்ப்பம் முழுவதும் வைரஸ் அடங்கியிருந்தால் அது ஒரு வீதத்துக்கும் கீழே போகிறது. தாய்ப்பாலில் மட்டும் வாய்ப்பு மிகச் சிறியதாக மிஞ்சியிருக்கிறது. பால் கொடுப்பதா இல்லையா என்பதைக் கிளினிக் வைத்தியரோடு பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குச் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டையும் சோதிக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் நடப்பதால், 2019 இல் தாயிலிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. வீட்டுக்கு வரும் மருத்துவமாதின் வேலைக்கு இதில் பெரிய பங்குண்டு. பிள்ளை பெற விரும்பும் தம்பதிகளில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும், வைரஸ் நிலையாகப் பிடிபடாத நிலையில் இருந்தால் இயல்பான முறையிலேயே கருத்தரிக்கலாம்.

நுளம்பு, ஒரே கிணறு, குளத்தில் சேர்ந்து குளிப்பது, ஒரே கோப்பையில் சாப்பிடுவது, இருமல், கட்டிப்பிடித்து அழுவது: இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பரவாது. நுளம்பின் வயிற்றில் எச்.ஐ.வி. பெருகுவதில்லை, செரித்துப்போகும்.

ஒதுக்கிவைத்தலை மருந்து எப்படி உடைக்கிறது

ஒருவரை ஒதுக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவரால் எங்களுக்கு ஆபத்து." அன்றாடப் பழக்கத்தில் அது என்றைக்குமே உண்மையாக இருந்ததில்லை. வைரஸ் மருந்தில் அடங்கியிருந்தால், இப்போது கணவன் மனைவி உறவில்கூட உண்மையில்லை. வைரஸ் பிடிபடாத நிலையில் இருக்கும் ஒருவர், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் இருக்கும் ஒருவரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவர். எச்.ஐ.வி.யைப் புதிதாகப் பரப்பக்கூடியவர்கள் பெரும்பாலும் பரிசோதிக்கப்படாதவர்களும் மருந்து கிடைக்காதவர்களும்தான். ஊர் பயப்படுவது பிழையான ஆளைப் பார்த்து.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்கிறது. ஒதுக்குதல் மருந்தை உடைக்கும். கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று கிளிநொச்சியில் உள்ளவர் யாழ்ப்பாணத்துக்கும், வவுனியாவில் உள்ளவர் கொழும்புக்கும் போக நினைக்கிறார். தூரம் கூடக்கூடத் தவணை தவறுகிறது. மாமியார் பார்த்துவிடுவார் என்று போத்தலை ஒளித்துவைப்பவர், வீட்டில் ஆட்கள் கூடும் நாட்களில் குளிசை போடுவதில்லை. சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போய் நான்கு நாள் நின்றால் நான்கு நாளும் மருந்து இல்லை. இப்படித்தான் 50 க்குக் கீழே இருந்த எண் மெல்ல ஆயிரங்களுக்கு ஏறுகிறது. அதை அந்த ஆளின் அசட்டை என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. வீட்டில் ஒருவராவது உண்மை தெரிந்து துணை நின்றால் இந்தத் தவறல்களில் பாதி நடக்காது என்பது எங்கள் உறுதியான எண்ணம். யாரிடம், எப்படிச் சொல்வது என்பதைக் கிளினிக் ஆலோசகரோடு முதலில் பேசலாம். துணையை அழைத்துவந்து அவர் முன்னிலையில் சொல்லவும் உதவுவார்கள்.

பெண்கள் மீது விழும் பழியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் சோதனை நடக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அதனால் ஒரு குடும்பத்தில் எச்.ஐ.வி. முதலில் தெரியவருவது பல தடவை மனைவியிடம்தான். முதலில் தெரியவந்ததால் அவள்தான் கொண்டுவந்தாள் என்று பேசுவது அநியாயம். யாருக்கு முதலில் வந்தது என்பதைச் சோதனைத் திகதி காட்டாது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த வன்னியில் இப்படிப் பேசும் வாய்கள் ஒருவரின் வாழ்வாதாரத்தையே பறித்துவிடும்.

பாடசாலைகளுக்கு ஒரு தெளிவான முன்னுதாரணம் உண்டு. 2016 இல் குளியாப்பிட்டிப் பகுதியில், தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியை வைத்து ஒரு சிறுவனோடு தங்கள் பிள்ளைகளைப் படிக்கவிடப் பெற்றோர்கள் மறுத்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி. தொற்றோ, தொற்றுள்ளவரின் பிள்ளை என்பதோ கல்வி உரிமைக்குத் தடையாக முடியாது என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கவே இல்லை. இருந்திருந்தாலும் அவனை மறுக்க எந்த நியாயமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள்ளும் மாற்றம் தேவை. ஒருவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை, ஒதுக்குப்புறக் கட்டில், பெட் ஹெட் ரிக்கெட் என்ற கட்டில் தலைமாட்டு நோயாளர் அட்டையில் எல்லோருக்கும் தெரியும்படி அடையாளம்: இவை பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. எல்லா நோயாளியின் இரத்தத்தையும் ஒரே கவனத்தோடு கையாள்வதுதான் விதி. மருந்து எடுக்காத ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலே தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 300 இல் ஒன்று. வைரஸ் அடங்கியவரிடமிருந்து அது இன்னும் மிகக் குறைவு. இருந்தாலும் ஊசி குத்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடனே அறிவிக்க வேண்டும். தடுப்பு மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

"பிடிபடாதவர்" என்பது இன்னொரு சாதியாகிவிடக் கூடாது. மருந்து ஒத்துக்கொள்ளாமலோ, காசநோய் சேர்ந்ததாலோ, தவணைக்கு வர வழியில்லாமலோ எண் இன்னும் இறங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் சேர்ந்திருந்து சாப்பிடலாம், வேலை செய்யலாம், பிள்ளையைத் தூக்கக் கொடுக்கலாம். எண் தேவைப்படுவது உடலுறவுப் பாதுகாப்பையும் சிகிச்சையையும் முடிவெடுக்க. மரியாதை எல்லோருக்கும் உரியது. உங்கள் எண் என்ன என்று கேட்க அயலவருக்கு உரிமையில்லை.

பரிசோதிக்க வேண்டுமானால்

மாவட்ட வைத்தியசாலையோடு இயங்கும் அரச பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரே போகலாம். கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை. எங்கே, எந்த நாளில் என்று தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் "எஸ்.ரி.டி. கிளினிக் எப்போது" என்று மட்டும் கேட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அங்கே சொல்வது வெளியே போகாது என்பது அவர்களின் கடமை. யாராவது மீறினால் பொறுப்பதிகாரியிடம் முறையிடுங்கள்.

சோதனைக்குரிய காலத்தையும் கணக்கில் எடுங்கள். நேற்று நடந்ததை இன்று எந்தச் சோதனையும் காட்டாது. ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகைச் சோதனையில் 45 நாள் கழித்து வரும் எதிர்மறை முடிவை நம்பலாம். விரலில் குத்தி எடுக்கும் விரைவுச் சோதனையென்றால் 90 நாள். விரைவுச் சோதனை நேர்மறையாக வந்தால் அது முடிந்த முடிவல்ல. உறுதிப்படுத்தும் சோதனை செய்த பிறகே சொல்ல முடியும். உறுதியானால் சிடி4 எவ்வளவு என்று பார்த்துக் காத்திருந்த காலம் போய்விட்டது. கூடிய விரைவில் மருந்து தொடங்குவார்கள். மருந்தும் இலவசம்.

ஆணுறை கிழிந்தது, அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் எடுத்தால் தொற்றாமல் தடுக்க முடியும். முதல் நாளே தொடங்கினால் பலன் கூட. கிளினிக் பூட்டியிருந்தால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், நடந்த நேரத்தைச் சரியாகச் சொல்லி, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டும் என்று நேரடியாகவே கேளுங்கள்.